மாங்கனோவின் வலப்பக்கம்

அம்பிகை வேலைக்கு வந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1991, மார்ச் மாதம். இத்தாலியின் பலேர்மோ நகரத்தில், வியா தாந்தே தெருவுக்குப் பின்புறச் சந்தில் இருந்த ஒரு சலவைக்கூடம். நான் அங்கே சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. உணவகங்களின் மேசைவிரிப்புகளும் சிறு விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் மூட்டை மூட்டையாக வரும். கடற்கரை ஊரான ஸ்ஃபெர்ராகவால்லோவின் உணவகங்களில் இருந்து வந்த மூட்டையை அவிழ்க்காமலே சொல்லிவிடலாம். மீனும் எலுமிச்சையும் வைனும் சேர்ந்து புளித்த மணம் அதற்கு. அயன் பண்ணும் பக்கத்துக்கு ஆள் தேவைப்பட்டபோது, பல்லரோவில் என் தெருவிலேயே குடியிருந்த இராஜதுரை தன் மனைவியைக் கூட்டி வந்தார். அவர்தான் அம்பிகை. முப்பது வயது இருக்கும். ஒரு வயதுக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

கடையின் சொந்தக்காரி சிஞோரா ஸ்ரெல்லா. அறுபதைத் தாண்டியவர், வீங்கிய கால்கள், தெரு முனைவரை கேட்கும் குரல். ஆளைச் சோதிக்க ஒரு வெள்ளைச் சட்டையைக் கொடுப்பது அவர் வழக்கம். அம்பிகை சட்டையைப் பலகையில் விரித்து, அயன்பெட்டியை இடது கையில் எடுத்துக் கழுத்துப்பட்டியை இழுத்தார். சிஞோரா நெருங்கி வரும் சத்தம் கேட்டதும் சட்டென்று வலது கைக்கு மாற்றிக்கொண்டார். மாற்றிய பிறகு அயன்பெட்டி தடுமாறியது. தோள் மடிப்பில் இரட்டைக் கோடு விழுந்தது.

சிஞோரா சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுத்துப்பட்டியை யார் செய்தது, தோளை யார் செய்தது என்று கேட்டார். இரண்டும் இவர்தான் என்று நான் மொழிபெயர்த்தேன். சிஞோரா அயன்பெட்டியை வாங்கி அம்பிகையின் இடது கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு தரம் தட்டினார். 'மன்ச்சீனா' என்றார். இடக்கைக்காரி என்று பொருள். திட்டுவதற்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள். அன்றைக்கு அவர் திட்டவில்லை. பிற்பகலில் மின்வேலைக்காரனைக் கூப்பிட்டு அயன்பெட்டியின் வயரைப் பலகையின் மறுபக்கமாகத் தொங்கவிடச் செய்தார். பலகையையும் திருப்பிப் போட்டார்கள்.

இப்படிச் சொன்னால் சிஞோரா ஸ்ரெல்லாவை ஒரு தெய்வம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவர் தெய்வமில்லை. முதல் இரண்டு வருடமும் அம்பிகையை எந்தப் பதிவிலும் சேர்க்கவில்லை. கேட்டால், நீங்கள் எல்லாரும் என் குடும்பம், குடும்பத்துக்கு எதற்குக் கடதாசி என்பார். ஞாயிற்றுக்கிழமையில் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். கோபம் வந்தால் ஈரத் துணியைத் தூக்கி எறிவார். மத்தியானத்தில் நீண்ட மேசையில் எங்களோடு உட்கார்ந்து, தன் தட்டிலிருந்து கத்தரிக்காயை எடுத்து மற்றவர்களின் தட்டில் வைப்பார். தொண்ணூற்றிரண்டு கோடையில், மாஃபியா இரண்டு நீதிபதிகளைக் கொன்ற குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, நகரத்தின் பலகணிகளில் சனம் எதிர்ப்பாக வெள்ளை விரிப்புகளைத் தொங்கவிட்டபோது, பழைய விரிப்புகளை வாசலில் அடுக்கிவைத்து யார் கேட்டாலும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அன்று மாலையே ஒரு விரிப்பு குறைகிறது என்று எங்களைச் சத்தம் போட்டார். அப்படிப்பட்ட மனிசி.

அம்பிகையின் இடது கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பிறவியிலேயே அவருக்கு எல்லாம் இடது கை. ஊரில், யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில், முதலாம் வகுப்பில் ஆசிரியை அந்தக் கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எழுதச் சொன்னாராம். இரண்டு வருடம் அப்படி உட்கார்ந்திருக்கிறார். அதனால் எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கைக்கு மாறின. கத்தி, ஊசி, கத்தரிக்கோல், விளக்குமாறு எல்லாம் இடது கையிலேயே தங்கிவிட்டன. இங்கே எங்கள் ஆட்கள் சரஸ்வதி பூசைக்கு மண்டபம் எடுத்தபோது, அவர் கரண்டியை இடது கையில் பிடித்துச் சுண்டல் பரிமாறியதைப் பார்த்து ஒருவர் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அம்பிகை கரண்டியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினார். அதற்குப் பிறகு எந்த விழாவிலும் அவர் பரிமாறியதை நான் காணவில்லை.

சலவைக்கூடத்தில் மட்டும் அந்தக் கைக்கு ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தின் பெயர் மாங்கனோ.

மாங்கனோ என்பது பெரிய விரிப்புகளை அயன் பண்ணும் இயந்திரம். ஆள் உயரத்துக்கு நீளமான, கொதிக்கும் உருளை ஒன்று சுழலும். அதற்கு முன்னால் இரண்டு பேர் நின்று, ஈர விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து உருளைக்குள் விடவேண்டும். மூலையைக் கடைசி நொடிவரை இழுத்துப் பிடித்தால்தான் கரை நேராக வரும். அந்த நொடியில் கையை எடுத்துவிடவும் வேண்டும். இடது ஓரத்தில் நிற்பவரின் இடது கைக்கும், வலது ஓரத்தில் நிற்பவரின் வலது கைக்கும்தான் அந்த வேலை. அம்பிகை இடது ஓரத்தில் நிற்பார், நான் வலது ஓரத்தில். ஐந்து வருடம் அப்படி நின்றோம். இரண்டு பேரும் வேலை நேரத்தில் அதிகம் கதைப்பதில்லை. விரிப்பு உள்ளே போகும்போது அவர் கை விலகும், என் கை விலகும். அவ்வளவுதான்.

உருளைக்கு முன்னால் ஒரு மெல்லிய காப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் இயந்திரம் நின்றுவிடும். தடித்த கரையுள்ள மேசைவிரிப்பு பட்டாலும் நின்றுவிடும். அதனால் அந்தக் கம்பியை யாரோ எப்போதோ ஒரு கயிற்றால் மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். நான் சேர்ந்த நாளிலும் அந்தக் கயிறு அங்கே இருந்தது. ஒருவரும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

1995இல் சிஞோராவால் நாள் முழுக்க நின்று வேலை பார்க்க முடியாமற்போயிற்று. மகள் மார்த்தினா பொறுப்பேற்றார். முப்பத்தைந்து வயது, மிலானோவில் படித்தவர், மெதுவாகப் பேசுபவர். நாங்கள் எல்லோரும் ஓரளவு சந்தோஷப்பட்டோம், உண்மையைச் சொல்வதில் என்ன. எல்லோருக்கும் ஒப்பந்தம் எழுதப்பட்டது. சம்பளச் சீட்டு வந்தது, விடுமுறை வந்தது. உள்ளே வரும்போதும் போகும்போதும் அட்டையை மணிக்கூட்டுப் பெட்டிக்குள் விடவேண்டும். பெட்டி 'டக்' என்று கடித்துக் கொடுக்கும். நீல நிறச் சீருடை தந்தார். ஞாயிற்றுக்கிழமை எங்களுடையதாயிற்று. கடைக்குப் பெரிய விடுதிகளின் வேலைகள் கிடைத்தன. நீண்ட மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உலர்த்தி ஒன்றைப் போட்டார்கள். நாங்கள் முறை வைத்து இருபத்தைந்து நிமிடம் தனித்தனியே சாப்பிட்டோம்.

மார்த்தினா எங்களை மரியாதையாக அழைத்தார். தாய் எல்லோரையும் 'தூ' என்பார், அதாவது நீ. மகள் 'லேய்' என்றார், நீங்கள். எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. ஐந்து வருடமாக இத்தாலியில் என்னை யாரும் நீங்கள் என்று அழைத்ததில்லை. வேலை முடிந்து பல்லரோவுக்கு நடந்து போகும்போது இதை அம்பிகையிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அந்த மனிசி நீ எண்டு சொல்லிப்போட்டு என்ரை கையைப் பாத்தா. இவ நீங்கள் எண்டு சொல்லிப்போட்டு மணிக்கூட்டைப் பாக்கிறா."

நான் அவரோடு வாதாடினேன். முறையில்லாத அன்பைவிட அன்பில்லாத முறை மேல் என்று எனக்குத் தோன்றியது. இப்போதும் அதை முழுக்கப் பிழை என்று சொல்லமாட்டேன்.

'அறுநூற்றிருபத்தாறு' என்று எல்லோரும் எண்ணைச் சொல்லியே அழைத்த புதிய பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மார்த்தினா ஓர் ஆலோசகரை வரவழைத்தார். அவர் எங்களைக் கால் மணிநேரம் உட்கார வைத்து ஒரு படத்தைக் காட்டினார். பயிற்சி பெற்றோம் என்று கையெழுத்து வாங்கினார். பிறகு கையில் நிறுத்தக் கடிகாரத்தோடு மூன்று நாள் எங்களுக்குப் பின்னால் நின்றார். கயிற்றால் கட்டிய கம்பி அவர் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும், கம்பி இறங்கினால் இயந்திரம் அடிக்கடி நின்று, அவர் எழுதிக்கொண்டிருந்த வேகக் கணக்குத் தவறிவிடும். அவர் போன பிறகு சுவரில் ஓர் அட்டவணை வந்தது. யாருக்கும் சொந்த இடம் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் இடம் மாறவேண்டும்: கழுவும் பக்கத்தில் இருந்து மடிக்கும் பக்கம், அங்கிருந்து மாங்கனோவின் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். ஒரே வேலையைச் செய்தால் ஆள் களைத்துவிடும் என்பது அதன் விளக்கம். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அம்பிகை மார்த்தினாவின் அறைக்குப் போனார். வலப்பக்கம் நின்றால் தன் கை பிந்துகிறது, இடப்பக்கமே நிற்க விடவேண்டும் என்று கேட்டார். நான்தான் கூட நின்று மொழிபெயர்த்தேன். மார்த்தினா சிரித்த முகத்தோடு, ஒருவருக்குச் சலுகை கொடுத்தால் மற்றவர்களுக்கு அநீதி என்றார், பழகிவிடும் என்றார். ஒரு மாதம் கழித்து அம்பிகை மறுபடியும் கேட்டார். கோடை விடுமுறைக்கு முன் மூன்றாம் தரம் கேட்டார். மூன்றாம் தரம் நான் மொழிபெயர்க்கப் போகவில்லை. கழுவும் பக்கம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

1997, செப்டெம்பர் 16, செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி. ஒரு திருமண விருந்துக்கான மேசைவிரிப்புகள், தடித்த பூவேலைக் கரை வைத்தவை. அட்டவணைப்படி நான் இடப்பக்கம், அம்பிகை வலப்பக்கம். ஆறாவதோ ஏழாவதோ விரிப்பு. நான் என் மூலையை உள்ளே விட்டுக் கையை எடுத்துவிட்டேன். அவர் பக்கத்துக் கரை சுருண்டது. அதை இழுத்து நேராக்க வலது கையை நீட்டினார். கை விலகவில்லை.

அவர் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம்தான் கேட்டது. நிறுத்தும் சிவப்புப் பொத்தான் வலப்பக்கத் தூணில் இருந்தது, வலது கை சும்மா இருக்கிற ஆளுக்கு வசதியான உயரத்தில். அவர் வலது கை உள்ளே இருந்தது. உடம்பை முழுக்கத் திருப்பி, இடது கையை முகத்துக்கு முன்னால் கொண்டுபோய், அவரே பொத்தானை அடித்தார். நான் என் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. உருளை நின்ற பிறகுதான் என் கால்கள் அசைந்தன. ஓடிப்போய்ச் சக்கரத்தைச் சுற்றி உருளையைத் தூக்கினேன்.

ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாம் மூட்டுக்கு மேலே போய்விட்டன. மோதிர விரல் மடங்காது. உள்ளங்கைக்கு வேண்டிய தோலை மருத்துவர்கள் தொடையில் இருந்து எடுத்து வைத்தார்கள். இருபத்திரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். இராஜதுரை வேலை முடிந்து நேராக அங்கே போவார். ஏழு வயதாகியிருந்த மகள் சிவானுஜா மாலையில் என் வீட்டு வாசலில் இருந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளும் இடக்கைதான். இங்கே அவளுடைய ஆசிரியை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இடது கைக்கென்று செய்த கத்தரிக்கோல் ஒன்றை வகுப்பில் அவளுக்கு எடுத்துவைத்திருந்தாராம். இராஜதுரைதான் வீட்டில் அவள் கையிலிருந்து பென்சிலை எடுத்து மற்றக் கையில் வைப்பார்.

மார்த்தினா என்னை அறைக்குக் கூப்பிட்டது நான்காம் நாள். கதவைச் சாத்தி, உட்காரச் சொன்னார். மேசையில் இரண்டு கடதாசிகள். ஒன்று சாட்சிக்கு, மற்றது அம்பிகைக்கு. இரண்டிலும் ஒரே விஷயம்: தொழிலாளி இடக்கைப் பழக்கம் உள்ளவர், அந்தக் காரணத்தால் இயந்திரத்தை முறைப்படி கையாளாமல் கையை உள்ளே நீட்டினார், காப்புக் கம்பி அதன் இடத்தில் இருந்தது. மார்த்தினாவின் கண்கள் சிவந்திருந்தன. கடையை மூடினால் பதினோரு பேர் தெருவுக்கு வருவார்கள் என்றார். பிறகு, என் மனைவியையும் மகனையும் கூப்பிடுவதற்கான அலுவல் எந்தளவில் இருக்கிறது என்று கேட்டார். மிரட்டுவதற்காக அவர் கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் வதிவிட அனுமதியான பேர்மெசோவை டிசெம்பரில் புதுப்பிக்கவேண்டும். மனைவியும் மகனும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் மூன்று வருடமாகக் காத்திருந்தார்கள். வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் என் கடதாசியைக் கையில் எடுக்கவும் மாட்டார்கள்.

நான் கையெழுத்து வைத்தேன். அம்பிகையின் கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன்.

இராஜதுரையும் அங்கே இருந்தார். நான் சுற்றி வளைத்துத்தான் தொடங்கினேன். இது ஒரு நடைமுறைக் கடதாசி, காப்புறுதிக்குத் தேவை என்றேன். அம்பிகை கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்.

"வாசிச்சுச் சொல்லுங்கோ அண்ணை. ஒவ்வொரு வசனமாச் சொல்லுங்கோ."

வாசித்தேன். முடிந்ததும் அம்பிகை சொன்னார்:

"இடக்கைக்காரி எண்டு எழுதினது உண்மை. கம்பி இருந்தது எண்டது பொய். ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சிருக்கினம். உண்மையைச் சாட்டிப் பொய்யும் உள்ளுக்குப் போகும் எண்டு." பிறகு என்னைக் கேட்டார்: "நீங்கள் வைச்சிட்டியளோ?"

"ஓம்," என்றேன்.

இராஜதுரை எழுந்து மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். அவர் ஒரு வயதான வழக்கறிஞரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். சட்டம், பொலிஸ் என்றாலே பயப்படுகிறவர். "வைச்சுவிடும், அம்பிகை," என்றார். "கடதாசி இருக்கிற வரைக்கும்தானே நாங்கள் இஞ்சை. கை போட்டுது. வேலையும் போனால் என்ன செய்யிறது?"

"எந்தக் கையாலை வைக்கச் சொல்லுறியள்?" என்று அம்பிகை கேட்டார். குரலை உயர்த்தவில்லை. நான் கடதாசியை மடித்துக்கொண்டு திரும்பினேன். படிக்கட்டில் இறங்கும்போது எதிரே வந்த தாதி என்னைப் பார்த்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் அம்பிகை தனியாகவே தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனார். தனக்குத் தெரிந்த இத்தாலியனில், காலம், பால் எல்லாம் பிழையாக, நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் அதை எழுதித் தொழில் பரிசோதனை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள்.

அந்தச் செய்தி எப்படியோ கடைக்கு எட்டியது. அடுத்த ஞாயிறு சிஞோரா ஸ்ரெல்லா பல்லரோவுக்கு வந்தார். வீங்கிய காலோடு மூன்று மாடி ஏறி வந்தார். அம்பிகை பிறகு எனக்குச் சொன்னது இது. கதிரையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அழுதாராம். அந்தக் கயிற்றை 1984இல் தானே, தன் கையாலேயே கட்டியதாகச் சொன்னாராம். மார்த்தினா என் பிள்ளை, அவளை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்துவிடாதே என்று கெஞ்சினாராம். அம்பிகை தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். பிறகு, கயிற்றைப் பற்றி இங்கே சொன்னதை அங்கேயும் சொல்லுவீர்களா என்று கேட்டிருக்கிறார். சிஞோரா தேநீரைக் குடித்து முடித்தார். படியிறங்க இராஜதுரையின் தோளைப் பிடித்துக்கொண்டார். அங்கே அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னிலை அவவுக்கு உண்மையாவே அன்பு," என்றார் அம்பிகை. "அதுதான் எனக்குக் கூட நோகுது."

நவம்பர் நடுப்பகுதியில், முன்னறிவிப்பு இல்லாமல், தொழில் பரிசோதகர் வந்தார். ஐம்பது வயதுப் பெண், மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் மாங்கனோவின் கயிறு போய்விட்டது. கம்பிக்கு மஞ்சள் வண்ணம் பூசியிருந்தது. அவர் மார்த்தினாவோடு அரைமணி நேரம் கதைத்தார். பிறகு என் கையெழுத்துள்ள கடதாசியைக் கொண்டுவந்து, மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அன்றைக்கு அம்பிகை நின்றதுபோல நின்று காட்டச் சொன்னார். நான் வலப்பக்கம் போய் நின்றேன். வலது கையை நீட்டிக் காட்டினேன். என் கைக்கு அது எவ்வளவு சுலபமாக இருந்தது. ஐந்து வருடம் நின்ற இடம்.

அவர் கடதாசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இடக்கைக்காரி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அவரை ஏன் இந்தப் பக்கம் நிறுத்தினார்கள்?"

கடதாசியை எழுதியவர்கள் யாரும் அந்தக் கேள்வியை யோசித்திருக்கவில்லை. நானும் யோசித்திருக்கவில்லை. அவர் மறுபடியும் கேட்கவில்லை, காத்திருந்தார். உலர்த்தி எங்கோ பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சொன்னேன். இந்தப் பக்கம் வேண்டாம் என்று மூன்று தரம் கேட்டார், இரண்டு தரம் நானே மொழிபெயர்த்தேன் என்றேன். கம்பி கயிற்றால் கட்டியிருந்தது என்றேன். மேலே தாங்கியில் கயிறு உராய்ந்து வண்ணம் போயிருந்த இடத்தைக் காட்டினேன். புது வண்ணம் அங்கே எட்டியிருக்கவில்லை. அவர் தன் விரலால் அந்தத் தேய்வைத் தடவிப் பார்த்தார். முன்பு கையெழுத்து வைத்தது பொய்யா என்று கேட்டார். ஓம் என்பதற்குரிய இத்தாலியச் சொல் எனக்கு அந்த நேரம் வரவில்லை. தலையை ஆட்டினேன். எல்லாவற்றையும் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்.

நான் வீரம் செய்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தக் கேள்வி வேறு விதமாக வந்திருந்தால் நான் அன்றும் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நிறுவனத்துக்குத் தண்டம் விதித்தார்கள். கடை மூடப்படவில்லை, பதினோரு பேரும் தெருவுக்கு வரவும் இல்லை. அட்டவணையைச் சுவரில் இருந்து எடுத்துவிட்டார்கள். இடப்பக்கத்திலும் ஒரு சிவப்புப் பொத்தான் பூட்டினார்கள். அம்பிகைக்கு வேலைவிபத்துக் காப்புறுதியில் நிரந்தர ஊனத்துக்கான கொடுப்பனவு கிடைத்தது. மார்த்தினா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. கடைசி நாள்வரை நீங்கள் என்றுதான் அழைத்தார். ஆண்டு முடிவில் என் ஒப்பந்தம் முடிந்தது, அதைப் புதுப்பிக்கவில்லை. வேறு வேலை தேடிப் பிடித்து, கடதாசிகளை முதலில் இருந்து தொடங்கவேண்டியிருந்தது. என் மனைவியும் மகனும் வந்து சேர இன்னும் ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருடத்தில் என் மகன் தொலைபேசியில் என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டான்.

அந்தக் குளிர்காலம் அம்பிகை இடது கையால் எழுதப் பழகினார். சமையலறை மேசையில் சிவானுஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய இரட்டைக் கோட்டுக் கொப்பியில் எழுதுவார். எழுதும் கை மைமேல் உரசி எழுத்து அழிந்துவிடும். தாளைச் சரித்து வைத்தால் உரசாது என்று மகள்தான் காட்டிக் கொடுத்தாள்.

"அம்மா, 'அ' கோணல். லா மயஸ்த்ரா இப்பிடி விடமாட்டா," என்று தன் ஆசிரியையைச் சொல்லுவாள்.

ஒருநாள் நான் அங்கே போனபோது தாயும் மகளும் ஒரே பக்கமாகத் தலையைச் சரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இராஜதுரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் கையிலிருந்த பென்சிலை அவர் மாற்றவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் மாற்றவில்லை.

பேர்மெசோ புதுப்பிக்கப் போனபோது அம்பிகையின் புதுக் கையெழுத்தும் பழையதும் ஒத்துப்போகவில்லை. அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், நிமிர்ந்து கையைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார்.

1999 தை மாதம் நகர விளிம்பில் உள்ள சியாகுல்லியில், மன்டரின் தோடம்பழம் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் இடத்தில் அவருக்குப் பருவகால வேலை கிடைத்தது. பழம் ஒரு பட்டியில் நகர்ந்து வரும். பட்டியின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். மேற்பார்வை பார்த்த பெண் புதிதாக வருபவர்களிடம் முதலில் கேட்பது, உனக்கு எந்தக் கை என்பதுதானாம். வேகமாக அடுக்கத்தான் அந்தக் கேள்வி. அதில் கருணை ஒன்றும் இல்லை என்று அம்பிகை சொன்னார். என்றாலும் முதல்நாள் அதைக் கேட்டபோது தன்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை என்றார்.

அவர் இதைச் சொன்னது பேருந்தில். நான் அந்தப் பக்கம் ஒரு வீட்டுத் தோட்ட வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பின் இருக்கையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே பழத்தோட்டங்கள் முடிந்து நகரத்தின் மாடிக் கட்டடங்கள் தொடங்கின. அந்தக் கடதாசியைப் பற்றி நான் அவரிடம் ஒருபோதும் கதைத்ததில்லை. அன்றைக்கு வாயைத் திறந்தேன். ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டேன். அவருக்கு விளங்கியது.

"வேண்டாம் அண்ணை. ஏன் வைச்சனீங்கள் எண்டு நான் கேக்கேல்லை. கேட்டால் சொல்லுவியள். சொன்னால் எனக்கு விளங்கிப்போடும்." மடியிலிருந்த பையைச் சரியாக வைத்துக்கொண்டார். "அது எனக்கு விளங்கவேண்டாம்."

நான் தலை குனிந்திருந்தேன். பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

பிறகு அவர், என் மனைவியும் மகனும் எப்போது வருகிறார்கள் என்று கேட்டார். ஆனி மாதம் வரலாம் என்றேன். தங்கள் வீட்டுக்குக் கீழ் மாடியில் இரண்டு அறை காலியாகிறது, ஈரச் சுவர்தான், ஆனால் ஜன்னல் தெருப் பக்கம் இருக்கிறது, வீட்டுக்காரரிடம் தான் கதைத்து வைக்கவா என்று கேட்டார். நான் ஓம் என்றேன். நாங்கள் இப்போதும் அந்த அறைகளில்தான் இருக்கிறோம். மேலே அவர்கள் கதிரை இழுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்கும்.